போர்ட் விளக்கு எரிகிறது, ஆனால் லேப்டாப்பில் பேஸ் ஸ்டேஷன் திறக்கவில்லை

மலைக்காவல்:
டவர் பராமரிப்பு வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரத் தளம் ஒன்றில் சிக்னல் அடியோடு போய்விட்டது என்று அனுப்பினார்கள். அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான் டவர். அது படுத்தால் என் போனும் படுத்துவிடும்.

கருவி நோக்கியா ஃபிளெக்ஸி, போன் சிக்னலைக் கையாளும் பேஸ் ஸ்டேஷன். பராமரிப்புப் போர்ட்டில் கேபிளைச் செருகி, லேப்டாப்புக்கு 192.168.255.130, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்தேன். கருவியின் முகவரி 192.168.255.129. போர்ட்டில் பச்சை விளக்கு மினுக்குகிறது, பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகவே இல்லை. கேபிளை மூன்று முறை மாற்றினேன். போன வாரம் ஓசூரில் இதே லேப்டாப்பில் இதே வகைக் கருவி உடனே திறந்தது. யானை இறங்கும் நேரம், கிளம்புங்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்றுவிட்டார். நாளை மறுபடி போக வேண்டும்.

தொப்பூர்க் கணவாய்:
விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கேபிளில் குறை இருக்காது, தம்பி. அதை மூன்று முறை மாற்றி என்ன பயன்? வைஃபையை அணைத்தீர்களா? பிங் 'போகவில்லை' என்றால் எப்படி, திரையில் என்ன வந்தது?

மலைக்காவல்:
வைஃபை அணைத்துத்தான் இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்: நான்கு வரியிலும் 'ஜெனரல் ஃபெயிலியர்'.

பாலக்கோட்டுப் பழையவன்:
முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். கருவி பதில் தராவிட்டால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' அல்லது 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றுதான் வழக்கமாக வரும். 'ஜெனரல் ஃபெயிலியர்' என்றால் பெரும்பாலும் தரவு உங்கள் லேப்டாப்பின் வாசலையே தாண்டவில்லை.

அலுவலக வி.பி.என். (லேப்டாப்பை இணையம் வழியாக அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) எப்போதும் ஓடும்படி வைத்திருக்கிறார்களா? சில இடங்களில், அது தன் சர்வரைப் பிடிக்கும்வரை மற்ற எல்லா இணைப்பையும் அடைத்துவிடும்படி அமைத்திருப்பார்கள். ஓசூரில் போன் ஹாட்ஸ்பாட்டில் பிடித்திருக்கும், கேபிளுக்கும் வழி விட்டிருக்கும். மலையில் டவரே இல்லாதபோது இணையம் எங்கிருந்து வரும்? டவரைச் சரிசெய்ய டவர் வேண்டும்! பென்னாகரம் பக்கம் இதே கூத்தில் எனக்கு அரை நாள் போயிற்று.

வீட்டிலேயே சோதிக்கலாம். ரவுட்டருக்கு வரும் இணைய வயரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து ரவுட்டரின் முகவரிக்குப் பிங் கொடுங்கள். அதே வரி வந்தால் ஐ.டி. பிரிவுக்கு இன்றே எழுதுங்கள். நீங்களாக வி.பி.என்.னை நீக்கிவிடாதீர்கள், வேலைக்கே வினையாகும்.

மலைக்காவல்:
அதே வரிதான் அண்ணா, அச்சு அசலாக! கள வேலைக்கென்று வேறு லேப்டாப் தருகிறார்களாம். காலை ஆறரைக்கு ராயக்கோட்டையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொப்பூர்க் கணவாய்:
வாங்கிய இடத்திலேயே திறந்து, பேஸ் ஸ்டேஷன் மென்பொருள் இருக்கிறதா, அந்தக் கருவியின் பதிப்புக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். அஞ்செட்டி தாண்டிவிட்டால் பதிவிறக்க வழியில்லை.