நியூயார்க் 1866: அறுபது வருடமாக இருந்த சுகாதார வாரியம் அதற்கு முன் ஏன் எடுபடவில்லை?

கேள்வி:
மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து நியூயார்க் 1805லேயே சுகாதார வாரியம் அமைத்துவிட்டது. அப்படியும் 1832 காலராவில் சுமார் 3,500 பேரும், 1849இல் 5,000க்கு மேலும் செத்தார்கள். ஆனால் எதைப் புரட்டினாலும் 1866இல் வந்த மெட்ரோபாலிட்டன் வாரியத்தைத்தான் அமெரிக்காவின் முதல் உருப்படியான நகரச் சுகாதார அமைப்பு என்கிறார்கள். உண்மையில் என்ன மாறியது? பெயர்ப்பலகை மட்டுமா? குரோட்டன் ஆற்றிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த குடிநீர்தான் காரணம், வாரியம் சும்மா பெயர் வாங்கிக்கொண்டது என்ற வாதமும் காதில் விழுகிறது.

பதில் 1:
குரோட்டன் வாதம் நிற்காது. அந்த நீர் ஊருக்குள் வந்தது 1842இல். 5,000 பேர் செத்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. குழாய் தெருவோடு போனது. வீட்டுக்குள் இணைப்பு எடுக்க வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டும். ஏழைகளை அடைத்து வாடகை வாங்கியவர்களில் பலர் கட்டவில்லை. அங்கெல்லாம் கொல்லையில் கக்கூஸ் குழி அப்படியேதான் கிடந்தது.

பழைய வாரியம் என்பது மேயரும் நகர மன்ற உறுப்பினர்களும்தான். கொள்ளைநோய் வாசலுக்கு வந்தால் கூடுவார்கள், போனதும் கலைவார்கள். அன்றாட வேலை நகர ஆய்வாளர் துறையிடம் இருந்தது. அதன் வார்டு ஆட்கள் கட்சிக்காக நியமிக்கப்பட்டவர்கள், மருத்துவம் தெரியாதவர்கள்.

1866 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம் இதை நகர மன்றத்தின் கையிலிருந்தே பிடுங்கிவிட்டது. ஆளுநர் நியமிக்கும் 4 பேர் (அதில் 3 பேர் மருத்துவர்கள்), துறைமுகச் சுகாதார அதிகாரி, 4 போலீஸ் கமிஷனர்கள், ஆக 9 பேர். தலைவர் ஜாக்சன் ஷுல்ட்ஸ் தோல் வியாபாரி, மருத்துவர் அல்ல. என்னைக் கேட்டால் அந்த நாலு போலீஸ் கமிஷனர்கள்தான் சூட்சுமம்: உத்தரவுக்குப் பின்னால் போலீஸ் நின்றது.

பதில் 2:
சட்டம் இல்லாதபோது நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு, மருத்துவர் ஸ்டீபன் ஸ்மித் பின்னாளில் பதிவு செய்த கிழக்கு 22ஆம் தெரு வீடு ஒன்றே போதும். டைஃபஸ் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் முகவரிகளை வரிசையாகப் பார்த்தபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த ஒரே கட்டடத்திலிருந்து வந்திருந்தார்கள். கதவு, ஜன்னல் உடைந்து, நிலவறையில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. சொந்தக்காரர் வசதியானவர், காலி செய்யவோ பழுது பார்க்கவோ மறுத்தார். போலீஸிடம் போனால், அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டமே இல்லை என்றார்கள். கடைசியில் பத்திரிகையில் பெயர் வரும் என்று பயமுறுத்தித்தான் வழிக்குக் கொண்டுவர முடிந்தது.

1866க்குப் பிறகு நடைமுறை வேறு. ஆய்வாளர் அறிக்கை வந்ததும் வாரியம் அந்த இடத்தைக் கேடு என்று அறிவித்து உத்தரவு ஒட்டும். ஆட்சேபம் இருந்தால் வீட்டுக்காரர் மூன்று நாளுக்குள் விசாரணை கேட்கலாம். அவர் பேசாமல் இருந்தால் வாரியமே ஆள் விட்டு வேலையை முடித்து, செலவை அவர் தலையில் கட்டும். அந்தக் கடைசிப் படி இல்லாததால்தான் அதற்கு முந்தைய உத்தரவுகள் வெறும் காகிதமாகப் போயின. இவ்வளவு அதிகாரம் செல்லுமா என்று வழக்கும் போட்டார்கள். 1868இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

1866 கோடையில் காலரா வந்தபோது போலீஸ் நிலையத் தந்தி கைகொடுத்தது. நோயாளி இருக்கும் தகவல் தலைமையகத்துக்குப் போனதும் கிருமிநீக்கி வண்டி கிளம்பும். கக்கூஸில் அன்னபேதி (இரும்பு உப்பு), அறைகளில் சலவைத்தூள், படுக்கைக்குத் தீ. சாவு இல்லாமல் போகவில்லை, ஆனால் 1849இல் பாதிக்கும் வெகு கீழே நின்றது.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: எங்கே போய் உத்தரவு ஒட்டுவது என்று முன்பே தெரிந்திருந்தது. 1864இல் குடிமக்கள் சங்கம் என்ற சீர்திருத்த அமைப்பு ஊரை 31 வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு மருத்துவர் வீதம் வீடு வீடாக அனுப்பியது. குடும்பம் எத்தனை, நிலவறையில் யார் குடியிருப்பு, வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, அம்மை உண்டா என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1865இல் அச்சான அந்த அறிக்கைதான் சட்டமன்றத்தை அசைத்தது. காலரா பயமும் சேர்ந்துகொண்டது என்பது வேறு விஷயம்.

வாரியத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். 1867 குடியிருப்புச் சட்டம் 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் போதும் என்றது. 46,000க்கு மேற்பட்ட உள்ளறைகளுக்கு ஜன்னல் வெட்டச் சொன்னார்கள், வெட்டவும் வெட்டினார்கள். பெரும்பாலும் இருட்டு நடைகூடத்தைப் பார்த்து! காற்று கொஞ்சம் வந்திருக்கும், வெளிச்சம் எங்கிருந்து வரும்?

கேள்வி கேட்டவர்:
தெளிவாயிற்று, நன்றி. இந்த வாரியம் எத்தனை நாள் நீடித்தது?

பதில் 4:
நாலு வருடம். 1870இல் நகர அரசியலைக் கையில் வைத்திருந்த கட்சித் தலைவர் ட்வீட்டின் கோஷ்டி கொண்டுவந்த புதிய நகரச் சாசனம் அதைக் கலைத்து, நகரத்தின் சொந்தச் சுகாதாரத் துறையாக்கியது. ஆனால் விதிகளும் நடைமுறையும் பெரும்பாலும் தொடர்ந்தன. அந்தத் துறைதான் 1892இல் ஹெர்மன் பிக்ஸ் தலைமையில் நுண்ணுயிர் ஆய்வகம் தொடங்கியது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) சோதனையை அவர்கள் நடத்திய விதம் அழகு. மருந்துக்கடைகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும்; உள்ளே இரண்டு கண்ணாடிக்குழாய், ஒன்றில் பஞ்சு சுற்றிய கம்பி, இன்னொன்றில் உறைந்த ரத்தச் சீரம். மருத்துவர் குழந்தையின் தொண்டையில் பஞ்சைத் தடவி, சீரத்தின் மேல் இழுத்து, பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுப்பார். சாயங்காலம் துறையின் ஆள் வந்து எடுத்துப்போவார். இரவு முழுக்கச் சூட்டுப்பெட்டியில் இருக்கும். மறுநாள் முடிவு மருத்துவர் கைக்கு வந்துவிடும்.