பாட்ரேஸ் அணிக்குப் புதுச் சீருடை வரைகிறேன், மஞ்சள் சட்டை சரிவருமா?

பழுப்புத்தொப்பி:

சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்கு நானாகவே ஒரு சீருடைத் தொகுப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். யாரும் கேட்டு வரைவதில்லை, அந்த அணி மேல் இருக்கிற பிரியம்தான் காரணம். சொந்த மைதானத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, மாற்றுச் சட்டை இரண்டு, ஆக நான்கு. முதல் இரண்டும் ஓரளவு கைகூடிவிட்டன. மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

இந்த அணியைப் பின்தொடராதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டித் தொடரான மேஜர் லீக்குக்குள் 1969-ல் வந்த அணி. பாட்ரே என்றால் ஸ்பானிய மொழியில் தந்தை, பாதிரியார். நாம் சொல்கிற பாதிரி என்ற சொல்லே இதன் போர்த்துகீசிய உடன்பிறப்பிலிருந்து வந்ததுதான். 1769-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் அந்த ஊரில் மிஷன், அதாவது மதப்பணி நிலையம், அமைத்தார்கள், அவர்கள் போட்டிருந்த அங்கியின் பழுப்புதான் அணியின் பழுப்பு. 1972-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்: சட்டை, பேன்ட் எல்லாம் முழு மஞ்சள், எழுத்து மட்டும் பழுப்பு. இரண்டே வருடம்தான், 1974-ல் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் திரும்பிவிட்டார்கள். 1991-ல் பழுப்பையே எடுத்துவிட்டுக் கருநீலம் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் 2020-ல்தான் பழுப்பும் மஞ்சளும் முழுசாகத் திரும்பின.

அந்த 1972 மஞ்சளை இன்றைய வடிவத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. சட்டை முழுக்க மஞ்சள், நெஞ்சில் சாய்வெழுத்தில் அணியின் பெயர், பழுப்பு எழுத்துக்கு வெள்ளை ஓரம். கைகளின் விளிம்பில் குட்டிக் குட்டிப் பேஸ்பால் பந்துகள் வரிசையாக வருகிற மாதிரி ஒரு பட்டை. திரையில் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நிஜச் சட்டையாக நினைத்துப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. பேன்ட்டும் மஞ்சளாக இருக்கட்டுமா, வெள்ளையாக விடட்டுமா? நான்காவதுக்குக் கடற்படை ஊர் என்பதால் கருநீலம் யோசித்தேன், அதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

ஊசிநூல்:

இடிக்கிற இடம் எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் சட்டையை ஒரே பலகையாக நினைத்து வரைந்திருக்கிறீர்கள். பேஸ்பால் சட்டைக்கு நடுவில் பட்டன் பட்டி உண்டு. பெயர் அந்தப் பட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு தாளில் Padres என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஆறு எழுத்து, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பட்டி சரியாக நான்காவது எழுத்துக்கு முன்னால் விழுகிறது, அதாவது டி முடிந்து ஆர் தொடங்குகிற இடைவெளியில். இது இந்த அணிக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் உங்கள் சாய்வெழுத்தில் முதல் எழுத்தின் வயிறு பெரிதாக இருப்பதால் முழுப் பெயரும் வலப்பக்கம் நகர்ந்து, டி-யின் தண்டு பட்டன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சட்டையைத் தைக்கும்போது அந்தத் தண்டை நெடுக வெட்டி, பாதியை மேல் பட்டியிலும் மீதியை அடுத்த பக்கத்திலும் தைக்க வேண்டிவரும். பட்டன் போட்டால் சேரும், ஆட்டக்காரர் கையைத் தூக்கினால் பிரியும்.

இது கேள்விப்பட்டுச் சொல்வதில்லை. எனக்காக ஒரு சட்டை தைக்கக் கொடுத்தபோது இதே தப்பு நடந்தது. எழுத்துகளை ட்வில் துணியில் வெட்டி, ஓரத்தை நெருக்கமான ஜிக்ஜாக் தையலில் ஒட்டியிருந்தார்கள், வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நடு எழுத்தின் இரண்டு பாதியும் ஒரு நூல் அளவுக்கு மேலும் கீழுமாக நின்றன. ஒரு நூல்தான். அந்தச் சட்டையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள்.

அதனால் முதல் எழுத்தின் வயிற்றைக் குறையுங்கள், கடைசி எழுத்தின் வாலை நீட்டுங்கள், நடு இடைவெளி தானாகப் பட்டிக்கு வந்துவிடும். வெளியூர்ச் சட்டையில் ஊர்ப் பெயர் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். San ஒரு பக்கம், Diego ஒரு பக்கம், மூன்றுக்கு ஐந்து. சொற்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பட்டியில் வைத்தால் இடப்பக்கம் வெறுமையாகத் தெரியும். நேர்கோட்டில் எழுதாமல் வில் மாதிரி வளைத்து, இடப்பக்க எழுத்துகளைக் கொஞ்சம் அகட்டிப் போட்டால் கண் அதை மன்னித்துவிடும்.

மூன்றாம்பேஸ்:

அந்தப் பந்துப் பட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். அழகு பிரச்சினை இல்லை, விதியே அனுமதிக்காது. மேஜர் லீக் விதிப்புத்தகத்தில் 3.03 சீருடைக்கான விதி. பேஸ்பாலின் வடிவத்தைப் போலவோ அதை நினைவூட்டுவது போலவோ எந்த உருவும் சீருடையில் இருக்கக்கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. காரணமும் நியாயமானது. பிட்சர் கையைச் சுழற்றி எறிகிற அந்த நொடியில் பேட்டர் பந்தை மட்டும்தான் தேடுகிறார், கை விளிம்பில் இன்னும் பத்துப் பந்து சுற்றினால் அவர் எதைப் பார்ப்பார்? கண்ணாடி பட்டனும் பளபளக்கிற உலோகப் பட்டனும் கூடாது என்று அதே விதி சொல்கிறது. முதுகில் எண் குறைந்தது ஆறு அங்குலம். உள்ளே போடுகிற பனியனில் வெளியே தெரிகிற பகுதி அணி முழுவதற்கும் ஒரே நிறம்.

இன்னொன்று எண்ணிக்கை. 2023-லிருந்து ஒரு அணிக்கு வழக்கமான சீருடை நான்கு, அதோடு ஊரின் கதையைச் சொல்கிற சிட்டி கனெக்ட் என்ற சிறப்புச் சீருடை ஒன்று என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் நான்கு இதில் சரியாகப் பொருந்தும். ஆனால் பாட்ரேஸ் 2000-லிருந்து ராணுவத்தினரைக் கௌரவிக்கக் காமோ சட்டை, அதாவது படையினரின் உருமறைப்பு உடை மாதிரியான சட்டை, போடுகிற அணி. படைத்தளங்கள் சூழ்ந்த ஊர், அந்தச் சட்டைக்கு அங்கே தனி மரியாதை. உங்கள் நான்கில் அதற்கு இடமே இல்லை. கடற்படைக்காகக் கருநீலம் என்றீர்களே, அந்த நன்றியை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற சட்டை இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நான்காவது இடத்தை அதற்குக் கொடுத்து, அதைச் செம்மைப்படுத்துங்கள்.

தொண்ணூற்றெட்டு:

நீலத்தை எல்லாரும் தூக்கிப் போடுகிறீர்கள், எனக்கு அது வலிக்கிறது. இந்த அணி லீக்கின் இறுதிக் கோப்பைக்கான உலகத் தொடருக்குப் போனது இரண்டே முறை. 1984-ல் பழுப்பு, டெட்ராய்ட்டிடம் தோற்றோம். 1998-ல் நீலம், யாங்கீஸிடம் நாலுக்குப் பூஜ்யம். நான் இந்த அணியைப் பிடித்துக்கொண்டது அந்த 1998-ல்தான். எங்கள் நட்சத்திர பேட்டர் டோனி க்வின் தன்னுடைய 3000-ஆவது ஹிட்டை 1999-ல் மான்ட்ரியலில் அடித்தபோது அணியின் நிறம் நீலம்தான். அவர் 1982-ல் பழுப்பில் தொடங்கி 2001-ல் நீலத்தில் முடித்தவர், இருபது வருடமும் ஒரே அணி. அவருடைய பத்தொன்பதாம் எண்ணை இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவர் போட்ட நிறத்துக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?

முழு நீலச் சட்டை வேண்டும் என்று சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடாகவாவது இருக்கட்டும்.

பழுப்புத்தொப்பி:

எல்லாருக்கும் நன்றி. ஊசிநூல், நீங்கள் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன், டி-யின் தண்டு அப்படியே இரண்டாவது பட்டன் மேல் நிற்கிறது. இத்தனை நாள் அந்தப் பட்டனை நான் வரையவே இல்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. பந்துப் பட்டை போய்விட்டது, அந்த விதி எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றெட்டு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீலம் லீக்கில் கொட்டிக்கிடக்கிறது. டாட்ஜர்ஸ், கப்ஸ், ராயல்ஸ், மெட்ஸ், ரேஞ்சர்ஸ், புளூ ஜேஸ், இன்னும் எத்தனையோ. பழுப்பு ஒரே ஒரு அணிக்குத்தான். தொலைக்காட்சியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு அறைக்குள் நுழைகிறவர்கூட விளையாடுவது யார் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம், அந்தச் சொத்தை 1991-ல் கைவிட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நீலம் சேர்த்தால் அந்த ஒரு பார்வை கலங்கிவிடும் என்று பயப்படுகிறேன். காமோ பற்றி மூன்றாம்பேஸ் சொன்னது சரி, நான்காவது அதுதான்.

மஞ்சள் பேன்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தூரப்பார்வை:

நான் சொல்கிறேன். பேன்ட் வெள்ளையாக இருக்கட்டும். 1972 படங்களைப் பாருங்கள், தலை முதல் கால் வரை மஞ்சளாக இருக்கும்போது சட்டை எங்கே முடிகிறது, பேன்ட் எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை, இடுப்பில் ஒரு பட்டை மட்டும்தான் ஆளை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தக் காலத்து இறுக்கமான பின்னல் துணியில் அது ஒரு தோரணையாக இருந்தது. இன்றைய லேசான துணியில் வெளிர் நிறம் எப்படி ஆகும் என்பதை 2024-ல் எல்லா அணியிலும் பார்த்தோம். பேன்ட்டுக்குள் செருகிய சட்டை நுனி வெளியே தெரிந்தது, முதுகில் பெயர் எழுத்து சுருங்கிப்போயிருந்தது, ஆட்டக்காரர்களே குறை சொல்லி, அடுத்த வருடம் பழைய அளவு எழுத்துக்கும் பழைய பேன்ட்டுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று. மஞ்சள் சட்டை, வெள்ளை பேன்ட், முழங்கால் வரை பழுப்பு சாக்ஸ். அவ்வளவு போதும்.

அப்புறம் உங்கள் எண்கள். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள், நிறத்தையும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நான் செய்து பார்த்தேன். உங்கள் 3, 6, 8 மூன்றும் ஒன்றாகிவிட்டன, ஏனென்றால் எண்ணின் திறந்த வாய்கள் மிகக் குறுகலாக இருக்கின்றன, அதற்குள் வெள்ளை ஓரம் வேறு போய் அடைத்துக்கொள்கிறது. மஞ்சள் மேல் வெள்ளை ஓரம் தூரத்திலிருந்து தெரியவே தெரியாது, எழுத்தை மட்டும் ஒல்லியாக்கும். ஓரத்தை எடுத்துவிட்டு வெறும் பழுப்பை நேராக மஞ்சள் மேல் வையுங்கள். எண்ணைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். எண் என்பது மேல் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறவருக்காகத்தான் வந்தது. 1929-ல் யாங்கீஸ் முதுகில் எண் போட்டபோது பேட்டிங் வரிசையைத்தான் எண்ணாகக் கொடுத்தார்கள், மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக இறங்கிய லூ கெரிக்குக்கு 4.

பழுப்பிலும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் எடுத்திருக்கிற பழுப்பு மிக ஆழம். திரையில் அருமையாக இருக்கும், இரவு ஆட்டத்தில் விளக்கடியில் கறுப்பாகத் தெரியும். ஒரு படி சிவப்பு கூட்டுங்கள்.

மூன்றாம்பேஸ்:

கைகளைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 2023-லிருந்து கையில் விளம்பர ஒட்டு வருகிறது. அது பொதுவாக எந்தக் கை கேமராவைப் பார்க்கிறதோ அந்தக் கைக்குப் போகும். வலக்கை பேட்டர் நிற்கும்போது இடது தோள் பிட்சர் பக்கம் இருக்கும், ஆகவே இடது கை. உங்கள் படத்தில் அணியின் சின்னமான, பேட் சுழற்றுகிற துறவியை இடது கையில் வைத்திருக்கிறீர்கள். அந்த இடம் பறிபோகும் என்று வைத்துக்கொண்டு வரையுங்கள். துறவிக்குக் காற்றோட்டமான இடம் வலது கை.

கையில் நிறம் மாற்றுவதைப் பற்றியும் யோசிக்கலாம். 2022-ல் வந்த சிட்டி கனெக்ட் சட்டையில் இளஞ்சிவப்பும் புதினாப் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து வந்தன. அதில் பழுப்பே கிடையாது, ஆனால் எல்லைக்கு அந்தப்புறம் இருக்கிற பாஹா கலிபோர்னியாவையும் சேர்த்துச் சொல்கிற கதை இருந்ததால் எனக்கு அது பிடித்தது. பாஸ்டன் அணி 2021-ல் தன் சிவப்பே இல்லாமல் மஞ்சளும் நீலமும் போட்டதும் அந்த ஊர் மாரத்தான் ஓட்டத்தின் கதைக்காகத்தான். சொந்த நிறத்தை விட்டு வெளியே போகிற சட்டைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும், தொண்ணூற்றெட்டு கேட்கிற நீலத்துக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பழுப்புத்தொப்பி:

மூன்று நாள் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். மஞ்சள் சட்டை, வெள்ளை பேன்ட், பழுப்பு சாக்ஸ். வெள்ளை ஓரம் எடுத்தாயிற்று. எண்களை அகலமாக்கி, நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், 3 மூன்றாகவே தெரிகிறது. பழுப்பில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். துறவி வலது கைக்குப் போய்விட்டார், அங்கே அவருடைய பேட் தோளை நோக்கி உயர்கிறது, முன்பைவிட அவருக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

பெயரின் முதல் எழுத்தை ஐந்து முறை வரைந்தேன். வயிறு சிறுத்ததும் எழுத்து பசித்த மாதிரி இருந்தது, அதனால் தண்டைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். இப்போது பட்டி அந்த இடைவெளியில் சுத்தமாக இறங்குகிறது, ஒரு எழுத்தையும் வெட்ட வேண்டாம்.

தொண்ணூற்றெட்டு, உங்களுக்காக ஒன்று செய்தேன். சட்டைக் கழுத்தின் உள்பக்கம், பின்னங்கழுத்தைத் தொடுகிற அந்தச் சின்னப் பட்டையை மட்டும் கருநீலம் ஆக்கி, அதில் பழுப்பு நூலில் 19 என்று எம்பிராய்டரி வைத்திருக்கிறேன். வெளியே தெரியாது. போட்டுக்கொள்கிறவருக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூற்றெட்டு:

நீலத்தின் மேல் பழுப்பு நூல் மங்கிவிடும். மஞ்சள் நூல் போடுங்கள். மற்றபடி, நன்றி நண்பரே, அந்தக் கழுத்துப்பட்டைப் படத்தைப் பெரிதாக ஒன்று போடுங்கள், சேமித்து வைத்துக்கொள்கிறேன்.