காக்கா ஆழியும் கழிமுகத்தில் நாம் கண்ட பிற உயிர்களும்

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை:

எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த காட்டுக்குப்பத்தில், நீர் வற்றியிருந்த ஒரு காலை வேளையில், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கரையேறி வந்து, பல்லில் கவ்வியிருந்த பனையோலைப் பறியை இறக்கி வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒரு பிடி கறுத்த சிப்பிகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது காக்கா ஆழி டீச்சர். எங்க பாட்டி காலத்துல இது கிடையாது. எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஒவ்வொரு சிப்பியும் என் சுண்டுவிரலின் இரண்டு கணு நீளம் இருந்தது. வெளிப்புறம் கறுப்பும் பழுப்பும் கலந்திருந்தது. ஓரிரண்டில் மட்டும் பச்சை வரிகள் ஓடின. உள்பக்கம் ஊதா நிறமாக மின்னியது. ஒன்றைத் தூக்கினால், மயிரைப் போன்ற நார்களால் பின்னிப் பிணைந்த ஐந்தாறு சேர்ந்தே எழுந்தன. அந்த அம்மாவின் கால்விரல் இடுக்குகளில் ஆறிய கீறல்களும் ஆறாத கீறல்களும் கிடந்ததைக் கண்ட பிறகு, அவர் கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

காக்கா ஆழியின் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. 1843-ல் பெயரிடப்பட்ட இந்தச் சிப்பி அறிவியலுக்குப் புதியதன்று. நம் கழிமுகத்துக்குத்தான் புதியது. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகள். கப்பல்கள் தம் எடையைச் சமன்செய்ய ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் வெளியேற்றும் நீரின் வழியாகவும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இத்தகைய உயிர்கள் கடல் கடக்கின்றன. சிங்கப்பூரில் 2016-ல் இதைக் கண்டறிந்தார்கள். கொச்சிக் காயலில் கிடைத்ததைப் பற்றி 2019-ல் வெளிவந்த கட்டுரை இந்தியாவிலிருந்து வந்த முதற்பதிவு. எண்ணூரில் இது சேற்றின் மேல் பாய் விரித்ததைப் போலப் படர்ந்துவிட்டதால், புதைந்து வாழும் இறாலுக்குச் சேறே எட்டாமல் போகிறது என்றும், மஞ்சள் மட்டி கிடைத்த இடங்களில் இப்போது இதுவே கிடைக்கிறது என்றும் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

நான் அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்? அவர் சற்று யோசித்து, வர்தா புயலுக்குப் பின்னால், நிவர் புயலுக்கு முன்னால் என்றார். அருகிலிருந்த பெரியவரும் அதையே சொன்னார். வர்தா 2016 டிசம்பர், நிவர் 2020 நவம்பர். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அகலமுள்ள ஒரு விடை அது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் எவரேனும் ஒருவர், இன்ன தேதியில், இன்ன குப்பத்துக்கு நேராக, இன்ன பாலத்தின் தூணில் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால், இந்தச் சிப்பி முகத்துவாரத்திலிருந்து உள்ளே பரவியதா, பக்கிங்காம் கால்வாய் வழியாக எத்தனை மாதங்களில் வடக்கே போனது என்பதையெல்லாம் நம்மால் சொல்ல முடிந்திருக்கும். அந்த ஒரு வரி இல்லாமற்போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கொல்லைப்புறத்தில் இருந்துகொண்டு நானும்தான் எழுதத் தவறிவிட்டேன்.

புதிய உயிரினம் என்ற ஒரே சொல்லை நாம் வெவ்வேறு செய்திகளுக்குப் பயன்படுத்துகிறோம். இந்திய விலங்கியல் அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் 2023-ஆம் ஆண்டுக்கு 641 உயிரினங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 442 மட்டுமே உலகுக்கே புதியவை, மீதி 199 வேறு நாடுகளில் முன்பே அறியப்பட்டு இந்தியாவில் முதன்முறையாகக் காணப்பட்டவை. செய்தித்தாளில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன. ஆனால் ஓர் உயிர் இங்கேயே தோன்றி இதுவரை நம் கண்ணில் படாமல் இருந்ததா, அல்லது வேறெங்கிருந்தோ வந்து குடியேறியதா என்பதைப் பொறுத்தே அதை நாம் காப்பதா தடுப்பதா என்பது அமையும். சில வேளைகளில் அந்தக் கேள்விக்கே எளிதில் விடை கிடைப்பதில்லை. மங்களூரில் துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பகுதியில், முன்பு மரத்தடிகள் கொட்டி வைக்கப்பட்ட நிலத்தில் ஒரு சிறு தவளையைக் கண்டு, 2018-ல் மைக்ரோஹைலா கோடியால் என்று பெயரிட்டார்கள். கோடியால் என்பது கொங்கணியில் மங்களூரின் பெயர். ஆனால் அந்தத் தவளையின் நெருங்கிய உறவினங்கள் தென்கிழக்கு ஆசியாவில்தான் இருக்கின்றன. எனவே இறக்குமதியான மரத்தோடு வந்திருக்கலாம் என்ற ஐயத்தைக் கண்டறிந்தவர்களே எழுப்பினார்கள். உலகுக்கே புதிய இனம், ஆயினும் அந்த ஊருக்கு வந்தேறியாக இருக்கக்கூடும்! துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ்ந்த நம் வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒரு தவளையின் கதை மிகவும் வேண்டியது என்று கருதுகிறேன்.

ஆகவே, நீங்கள் கண்டவற்றைப் பகிரும்போது இடத்தையும் நாளையும் மறவாமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காசிமேடு, ஏலக் கணக்கு எழுதுபவர்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். இடத்தை எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டதால்தான் இதைச் சொல்லத் தோன்றியது, ஏனென்றால் நான் தவறவிட்டதும் அதைத்தான்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து, விசைப்படகுகள் முதல் தங்கலுக்கு, அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்க, போய்த் திரும்பிய ஒரு விடியற்காலை. கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் குவியலில், முழங்கை நீளத்தில் ஓர் அஞ்சாலை, அதாவது பாம்பைப் போல நீண்ட உடலுள்ள விலாங்கு வகை மீன், கிடந்தது. அஞ்சாலை எங்களுக்குப் புதிதன்று. வழக்கமாக உடல் முழுவதும் புள்ளியோ வலையைப் போன்ற கோடுகளோ இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. தலை முதல் வால் வரை ஒரே பழுப்பு நிறம், நனைந்த சணல் கயிற்றைப் போல. வாயைத் திறந்து பற்களைப் பார்த்தேன், ஒரு படம் எடுத்தேன், பனிக்கட்டிப் பெட்டிக்குள் தள்ளி வைத்துவிட்டு ஏலத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, பெட்டியைக் காலி செய்தவர்கள் அதையும் குவியலோடு வாரி வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான், கடலூர் மாவட்டம் முடசலோடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த, புள்ளியில்லாத பழுப்பு நிற அஞ்சாலைக்கு 2023-ல் ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்று நம் மாநிலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்தேன். நான் பார்த்தது அதுதான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பல் வரிசையையும் முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணிப் பார்க்காமல் அஞ்சாலைகளைப் பிரிக்க முடியாது என்று பின்னர் ஓர் ஆராய்ச்சி மாணவர் எனக்கு விளக்கினார். என்னிடம் இருப்பது ஒரு படம் மட்டுமே.

ஆனால் மீன் கையில் இருந்திருந்தாலும் இன்னொரு குறை இருந்திருக்கும். காசிமேட்டில் இறங்கிய மீன் காசிமேட்டில் பிடிபட்ட மீன் அன்று. எங்கள் படகுகள் வடக்கே நெல்லூர், கிருஷ்ணப்பட்டினம் கடல் வரைக்கும் போகின்றன. அந்தக் குவியலில் எத்தனை படகுகளின் மீன் கலந்திருந்தது என்பது எனக்கே தெரியாது. வலை இழுத்த இடமும் ஆழமும் படகின் டிரைவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆழத்தை நாங்கள் பாகக் கணக்கில் சொல்வோம், ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. கேட்டால் "இருபது பாகத்தில் சேற்றுத் தரையில் இழுத்தோம்" என்று தயங்காமல் சொல்லிவிடுவார், படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியிலும் அது பதிவாகியிருக்கும். கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை. கடலில் வாழும் ஓர் உயிரின் வாழிடம் என்று நூல்களில் மீன்பிடித் துறைமுகத்தின் பெயரைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த நினைவு வருகிறது. அண்மைக் காலமாக, வித்தியாசமாக ஏதாவது கிடைத்தால், படகின் பெயர், எத்தனை பாகம், சேறா மணலா பாறையா, எத்தனை நாள் தங்கல் என்ற நான்கையும் ஏலச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி, அந்தச் சீட்டை மீனோடு சேர்த்துப் பையில் கட்டிவிடுகிறேன்.

மாதவரம்:

என்னுடையது சிறு அனுபவம். எங்கள் வீட்டு முருங்கையில் பச்சைப் பாம்பு ஒன்று அடிக்கடி தென்படும். கண்ணைக் கொத்தும் என்று சொல்லி அதை அடிக்கத் தடி எடுத்தவர்களை என் தாத்தா தடுத்து நிறுத்தியதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அஹேட்டுல்லா நசூட்டா என்ற பெயரைத்தான் பள்ளியில் கற்றோம். 2020-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு அந்தப் பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டும் உரியதாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றவை நான்கு தனி இனங்களாகப் பிரிந்தன. நம் சமவெளிப் பாம்பு இப்போது அஹேட்டுல்லா ஆக்சிரிங்கா. மரமும் அதேதான், பாம்பும் அதேதான், ஆனால் அதன் எல்லை இன்னதென்று இப்போதுதான் தெரிகிறது. இதையும் கண்டுபிடிப்பு என்றுதானே கொள்ள வேண்டும், டீச்சர்?

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை:

ஐயமே வேண்டாம், அதுவும் கண்டுபிடிப்புதான். அதற்கு நம் கடற்கரையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. சேற்று நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் கீனன், டேவி, மான் என்ற மூவர் உலகெங்குமுள்ள சேற்று நண்டுகளை ஆராய்ந்து, அவை நான்கு இனங்கள் என்று பிரித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும்கூட, நம் நாட்டில் பெரிய பச்சை நண்டைத் தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய ஸ்கைலா ட்ராங்குபாரிக்கா என்றும், சிறிய பழுப்பு நண்டை ஸ்கைலா செர்ராட்டா என்றும் எழுதி வந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது, பெரியதுதான் செர்ராட்டா, சிறியது ஆலிவேசியா என்று தெரிந்தது. பல்லாண்டுக் காலப் பரவல் குறிப்புகள் பெயர் மாறிக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கிறவர்கள் பெயரை மட்டும் நம்பாமல், எழுதியவர் தந்த வருணனையையும் பார்த்தே எந்த நண்டு என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பழவேற்காட்டுச் சந்தையில் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டு நான் பார்த்ததில்லை, விலையும் வேறு. ஒரு பாட்டி எனக்கு வேறுபாட்டைக் காட்டித் தந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொடுக்கைக் கயிற்றால் கட்டிய பெரிய நண்டைத் திருப்பி, கொடுக்குக்குப் பின்னாலுள்ள மணிக்கட்டின் வெளிப்புறத்தில் என் விரலை வைத்து அழுத்தினார். இரண்டு முட்கள் குத்தின. சிறிய நண்டில் அதே இடத்தில் ஒரு மழுங்கிய மேடு மட்டுமே தட்டுப்பட்டது. கண்களுக்கு நடுவிலுள்ள விளிம்பும் பெரியதில் கூராக எழுந்தும், சிறியதில் தாழ்ந்து உருண்டும் இருந்தது. நூல்களும் இதே அடையாளங்களைத்தான் சொல்கின்றன. பாட்டி அந்த நூல்களைப் படித்தவர் அல்லர்.

காசிமேட்டுத் தம்பி, அஞ்சாலை போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். நீங்கள் சீட்டில் எழுதும் நான்கு செய்திகளையும் நான் என் குறிப்பேட்டில் தலைப்புகளாகவே எழுதிக்கொண்டேன். இனி கிடைத்தால், பனிக்கட்டியில் வைத்துச் சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையத்துக்குக் கொண்டு போவோம். நானும் உடன் வருகிறேன்.

பழவேற்காடு:

டீச்சர், நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். என் அப்பா வலை கட்டும் கழிகளில் காக்கா ஆழியை நாங்கள் முதலில் பார்த்தது மிக்ஜாம் புயலுக்கு முந்தைய பொங்கல் சமயம், அதாவது 2023 ஜனவரி. கழிகள் ஏரியின் தெற்குப் பக்கம், கால்வாய் வந்து சேரும் இடத்துக்கு அருகில் நட்டவை. தண்ணீர் இடுப்பளவு, அடியில் சேறு. அன்று ஏழு கழிகளில் இரண்டில்தான் இருந்தது. வடக்கே முகத்துவாரத்தை நோக்கி நட்ட கழிகளில் அப்போது ஒன்றுகூட இல்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன். இல்லை என்பதையும் எழுதலாமா என்று தெரியாமல் இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை:

கட்டாயம் எழுத வேண்டும், தம்பி. ஓர் உயிரின் பரவலுக்கு எல்லைக்கோடு போடுவது அந்த "இல்லை"தான். வரும் அமாவாசைக்கு மறுநாள் நீர் வற்றும் நேரத்தில் நான் அங்கே வருகிறேன். அந்த ஏழு கழிகளையும் வடக்கே உள்ளவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிவிடுவோம்.