வார்த்தை வாயிலேயே நிற்கும் பிள்ளைகள்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஜன்னலோரம்

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை. கிண்டியில் தாம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு பையன், எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பான். யூனிபார்ம் இல்லாததால் டிக்கெட் எடுக்க நோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தான். கண்டக்டர் வந்து "எங்க தம்பி?" என்றார். பையனின் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கண்ணை இறுக மூடினான், கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கண்டக்டர் திட்டவெல்லாம் இல்லை. "சொல்லுப்பா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார், அவ்வளவுதான். பையன் சட்டென்று "தாம்பரம்" என்றான். தெளிவாக, ஒரே மூச்சில்.

பல்லாவரத்தில் நான் இறங்க எழுந்தேன். எனக்கு முன்னால் அவன் இறங்கினான்.

தாம்பரம் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி மேம்பாலம் பக்கம் நடந்தான். அவன் உதட்டைப் பார்த்தபோதே அது "ப" என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "பல்லாவரம் ஒண்ணு குடுங்க" என்று நான் சொல்லியிருக்கலாமா? நாக்கு நுனிவரை வந்ததை ஏன் விழுங்கினேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

கடைசி பெஞ்ச்

நீங்கள் சொல்லாமல் விட்டதற்கு அந்தப் பையன் சார்பில் நான் நன்றி சொல்கிறேன். வயது 24. விவரம் தெரிந்த நாளிலிருந்து திக்கிப் பேசுகிறேன்.

ஆறாம் வகுப்பு, காலை வருகைப் பதிவு. என் எண் 17. ஐயா 14-ஐக் கூப்பிடும்போதே உள்ளங்கை வேர்க்கும். "உள்ளேன் ஐயா" என்பதில் அந்த முதல் "உ" தொண்டையிலேயே பூட்டிக்கொள்ளும். ஒருநாள் நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன், ஐயா என்னை நேராகப் பார்த்தார், குனிந்து "ஆப்சென்ட்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வகுப்பே சிரித்தது.

ஆனால் என்னை விடாமல் துரத்துவது அது இல்லை. மறுநாள் என் பக்கத்துப் பையன் எனக்காக "உள்ளேன் ஐயா" என்றான். நல்ல பையன், பாசத்தில்தான் செய்தான். ஐயாவும் விட்டுவிட்டார். அப்புறம் இரண்டு வருடம் அவன்தான் சொன்னான். அந்த இரண்டு வருடமும் என் பெயருக்கு இன்னொருவன் குரல் பதில் சொன்னது. வருகைப் பதிவேட்டில் நான் இருந்தேன், வகுப்பில் இல்லை.

இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து செய்யுள் ஒப்பித்தால் எனக்குத் திக்காது. பாடினால் திக்காது. எங்கள் வீட்டு நாயிடம் மணிக்கணக்கில் பேசுவேன், ஒரு எழுத்து தடுக்காது. திக்குபவர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான். இது தெரியாமல் "பாட்டு மட்டும் வருது, பாடம் வரலியா?" என்று எனக்கு விழுந்த அடிகள் உண்டு.

ஈரோட்டு அம்மா

என் சின்னவனுக்கு நாலு வயது. ஆறு மாதமாக "அ-அ-அ-அம்மா". மாமியார் கோயிலுக்குக் கூட்டிப்போய் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தார்கள். நானும் தடுக்கவில்லை, தண்ணீர்தானே என்று. என் பங்குக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை "மெதுவா சொல்லு கண்ணு, மூச்சு இழுத்துட்டு சொல்லு" என்பேன்.

ஒருநாள் சாயந்திரம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்ல வந்தான், வரவில்லை. ஈரக் கையாலேயே தன் வாயில் படார் படார் என்று இரண்டு அடி. "இந்த வாய் கெட்ட வாய்ம்மா" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் திக்கவே இல்லை.

வாய் கெட்டது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான், நூறு தடவை. அன்றைக்கு நிறுத்தினேன். இப்போது அவன் பேச ஆரம்பித்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்க்கிறேன். சில நாள் நன்றாகப் பேசுகிறான், சில நாள் இல்லை. எனக்குத்தான் இன்னும் அந்த ஈரக் கைச் சத்தம் கேட்கிறது.

வேப்பமரத்தடி

என் தம்பி மகன் மூன்றரை வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அப்புறம் ஒருநாள் "காக்கா" என்றான், வீடே அழுதது. இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான்.

ஈரோட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பயப்படவே வேண்டாம். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவி வாருங்கள். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். வல்லாரையைத் துவையல் அரைத்துக் கொடுங்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் அப்படித்தான் பெரிய பேச்சாளர் ஆனார் என்று பள்ளியில் படித்தோமே. காலையில் பேப்பர் தலைப்புச் செய்திகளைக் கண்ணாடி முன் நின்று படிக்கட்டும். செல்போனை வாங்கி வையுங்கள். வீட்டில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் குழந்தை குழம்பிப்போகும், ஒரே மொழியில் பேசுங்கள். பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம் என்றால் வீட்டிலும் இங்கிலீஷே பேசிவிடுங்கள். இடது கைப் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் நம்பிக்கை வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவே இல்லை. திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்தவர் பாட்டாகவே பாடினார். ஐந்து வயதுவரை காத்திருங்கள், ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். டாக்டர், டெஸ்ட் என்று அலைந்தால் குழந்தைக்குத்தான் பயம்.

ஒலியும் சுவரும்

பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் நான். வேப்பமரத்தடி ஐயா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் "ஐந்து வயதுவரை காத்திருங்கள்" என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஆறரை வயதில் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். பேச்சு இல்லை. "காது நல்லா கேக்குதுங்க, கூப்பிட்டா திரும்புறான்" என்றார் அம்மா. பையன் அம்மாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் அவன் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டேன். அம்மா திடுக்கிட்டார். பையன் அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தான்.

காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. ஆறு வருடம் அம்மாவின் முகத்தை வைத்தே கேட்டிருக்கிறான், பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை. சொந்தத்தில் செய்த கல்யாணம், கருவிலேயே வந்த குறை. காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷனை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள், ஆனால் 6 வயதுக்குள். "ஆறு மாசம்தானே மேடம் தாண்டிருச்சு" என்று அந்த அப்பா கேட்டார். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது முதல் சில வருடங்கள்தான், அதனால்தான் அந்த வரம்பு என்று நான் விளக்கினேன். விளக்கம் அவருக்கு எதற்கு? தன் கையில் இருந்த பிரிஸ்கிரிப்ஷன் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தார். அவர்களும் நாலு வயதில் வசம்பு தடவியவர்கள்தான், கோயிலுக்குப் போனவர்கள்தான். எல்லாரும் சொன்னது ஒன்றே: பொறுங்கள், ஆம்பளைப் பிள்ளை.

அந்தப் பையன் இப்போது சைகை மொழி படிக்கிறான். கை வேகத்தைப் பார்த்தால் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்று தோன்றும்.

ஈரோட்டு அம்மா, திக்கல் வேறு, தாமதம் வேறு. உங்கள் பையன் வயதில் திக்க ஆரம்பிக்கும் குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆறு மாதம் தாண்டிவிட்டது, அவன் தன் வாயையே அடிக்கிறான். ஒரு முறை காட்டிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் மையம்) எங்கே என்று கேளுங்கள். வீட்டில் எந்த மொழி உங்களுக்கு இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் திக்கல் வருவதில்லை. பயந்ததாலோ நீங்கள் வளர்த்த விதத்தாலோ வந்ததும் இல்லை, மூளை பேச்சை ஓட்டும் விதத்தில் உள்ள வித்தியாசம், பல வீடுகளில் பரம்பரையாகவும் வரும். கூழாங்கல் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். இடது கையை மாற்றாதீர்கள்.

வேப்பமரத்தடி

நான் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வந்தது, எல்லா வீட்டிலும் வரும் என்று நினைத்தேன். டம்ளர் விஷயம் படித்தபின் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் மகனுக்கு அப்போதே காது டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்களாம், அவன் மனைவி பிடிவாதம் பிடித்து. எங்களிடம் சொல்லவே இல்லை. கூழாங்கல்லை வாபஸ் வாங்குகிறேன். திருச்செந்தூரை வாங்க மாட்டேன்.

கரும்பலகை

அரசுப் பள்ளி, இரண்டாம் வகுப்பு டீச்சர். கடைசி பெஞ்ச் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

என் வகுப்பில் 23 பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாய் திறந்ததில்லை. திக்கல் இல்லை, காது நன்றாகக் கேட்கும். சிரிக்க மாட்டாள், தலையாட்ட மாட்டாள், பாத்ரூம் போகணும் என்றுகூடக் கேட்க மாட்டாள், அப்படியே நனைத்துவிடுவாள். எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் வாசித்துக் காட்டினால்தானே போட முடியும்? அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் கீழே இருக்கும் அரும்பு என்று போட்டேன். திமிர் என்றுகூட ஸ்டாப் ரூமில் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒருநாள் அவள் அம்மா போனை நீட்டினார். வீடியோ. பீரோ கதவில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டு, தோளில் துண்டைச் சேலையாகப் போட்டுக்கொண்டு, அந்தக் குழந்தை என் குரலில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறது. என் இருமல் உட்பட. 23 பெயரும் வரிசை மாறாமல், ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பிள்ளையின் குரலில் பதில். தன் பெயர் வந்தபோது நிறுத்தினாள். துண்டைச் சரிசெய்தாள். "உள்ளேன் டீச்சர்" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு டாக்டர் சொன்னார், இது ஒரு வகைப் பதற்றம், வீட்டில் பேசுவார்கள், வெளியே தொண்டை அடைத்துவிடும், வேண்டுமென்று செய்வதில்லை என்று. இப்போது அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் ஒரு பூ வில்லையைக் கரும்பலகையில் ஒட்டுவாள். அவளுக்காக யாரும் சொல்வதில்லை. வாசிப்பை அம்மா பதிவுசெய்து அனுப்புகிறார், நான் கேட்டு மார்க் போடுகிறேன். மலர்.

கடைசி பெஞ்ச்

டீச்சர், அந்தப் பூ வில்லைக்கு நன்றி.

டபுள் விசில்

கண்டக்டர் வேலை, 19 வருஷம். ஜன்னலோரம் சொன்ன பஸ் இல்லை, எங்கள் ஊர் வேறு. அந்தக் கண்டக்டர் மேல் கோபப்படாதீர்கள். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். நடுவில் செக்கிங் ஏறினால் டிக்கெட் போடாத ஆளுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாலு வருஷம் முன்னால் ஒரு காலேஜ் பொண்ணு, தினமும் என் வண்டி. ஒன்றும் பேசாது. போனில் ஊர் பெயரை டைப் பண்ணி, என் கண்ணுக்கு நேராகக் காட்டும். ஊமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டம், வெயில், நான் போனை வாங்கிப் பெரிதாகப் படித்தேன், "வாய்ல சொல்ல மாட்டியாம்மா?" என்றேன். முன்னால் நாலு பேர் திரும்பினார்கள். அந்தப் பொண்ணு சொல்ல முயற்சி பண்ணியது. ஜன்னலோரம் எழுதினாரே, கண் மூடி, கழுத்து நரம்பு புடைத்து, அதே மாதிரி. எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை. கடைசிவரை ஊர் பெயர் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பொண்ணு என் வண்டியில் ஏறவில்லை. பின்னால் வரும் பிரைவேட் பஸ்ஸுக்காக நிற்கும். நான் அந்த ஸ்டாப்பில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திப் பார்ப்பேன். டிரைவர் ஹாரன் அடிப்பார். மூன்றாவது வருஷம் படிப்பு முடித்திருக்கும், ஸ்டாப்பில் ஆளே இல்லை. விசில் கொடுத்துவிட்டேன்.