கல்யாணத்துக்கு எப்படி அழைப்பது?

வணக்கம் உறவுகளே. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லை, அழைப்பு என் பொறுப்பு. வேலை கொழும்பில், கையில் இருப்பது இரண்டு ஞாயிறுதான். சொந்தமோ மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று சிதறிக் கிடக்கிறது.

'வாட்ஸ்அப்பில் கார்டு போடு' என்கிறார்கள். போன வருஷம், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு கார்டு வந்தது. "லயத்து வாசப்படி ஏறி ஒரு பிளேன்டீ குடிக்க நேரமில்லையா?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

யார் வீட்டுக்கு நேரில் போயே ஆக வேண்டும்? மற்றவர்களிடம் போனில் முதலில் அம்மா பேசுவதா, நானா? அப்புறம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் கோத்தகிரிக்குப் போன அப்பாயியின் (அப்பாவின் அம்மா) தங்கச்சிக்கு, வீடியோ அழைப்பில் வெற்றிலைத் தட்டைக் காட்டி அழைத்தால் மனம் நோகுமா? இப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.