கடினமான பாடங்களுக்கு நடுவே கலைப்பாடத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் உண்டா?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எடுத்துக்கொண்டு, கூடவே மனசுக்குப் பிடித்த கலைப்பாடத்தையும் படித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். இப்போது பாடம் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது ஐபி (International Baccalaureate) டிப்ளமோ, பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் வரும் இரண்டு வருட மேல்நிலைப் படிப்பு. மொத்தம் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு நிலைகளில் ஒன்றில் படிக்கலாம்: ஆழமாகப் படிக்கும் உயர்நிலை என்றால் 240 மணி நேர வகுப்பு, சாதாரண நிலை என்றால் 150 மணி நேரம். கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அதனாலேயே "அதை விட்டுவிட்டு உயிரியல் எடு" என்று சொல்லாத ஆளில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே என்று ஓர் ஆசிரியர் வகுப்பிலேயே சொன்னார். நான் விடவில்லை. காட்சிக்கலை எடுத்தேன், அதில் நான் பிடித்துக்கொண்டது மண்பாண்டம்.

முதல் பருவத்தில் நன்றாக அடிவாங்கினேன். இயற்பியல் செய்முறை அறிக்கை கொடுக்க வேண்டிய வாரம் அது. திங்கட்கிழமை சக்கரத்தில் நான்கு கிண்ணங்கள் வனைந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். அடிப்பாகத்தைச் செதுக்க அடுத்த வாரம் வந்தால் போதும் என்ற நினைப்பு. வந்து பார்த்தால் நான்கும் வெளிறிப்போய், எலும்பு மாதிரி காய்ந்திருந்தன. செதுக்குக் கம்பியை வைத்தால் சுருள் வரவில்லை, தூசிதான் பறந்தது. ஒன்றின் விளிம்பு என் கையிலேயே விண்டுபோனது.

வனைந்த மண் தோல் பதத்துக்கு வரும்போதுதான் செதுக்க முடியும். விரலால் அழுத்தினால் குழியக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதம் தப்பினால் தப்பியதுதான். நான்கையும் உடைத்து வாளித் தண்ணீரில் போட்டேன். நன்றாகக் காய்ந்த மண் குமிழிவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிவிடும். அரை ஈரமாக இருந்தால்கூட அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ப் பருவம் முழுவதற்கும் ஒரே தாளில் எல்லாப் பாடங்களின் கடைசித் தேதிகளையும் எழுதினேன். மணிக்கணக்கில் பார்த்தால் நேரம் இருக்கத்தான் செய்தது. தேதிகள் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நின்றதுதான் கழுத்தைப் பிடித்தது. மண் வேலையில் காத்திருக்காத கட்டம் ஒன்று, காத்திருக்கும் கட்டம் ஒன்று என்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. வனைந்தால் இரண்டு மூன்று நாளில் செதுக்கியாக வேண்டும். பிறகு சொட்டு ஈரம் இல்லாமல் காய விட வேண்டும், இல்லையென்றால் சூளையில் நீராவி கட்டி வெடிக்கும். ஆனால் ஏறக்குறைய 1000 டிகிரியில் ஒருமுறை சுட்டெடுத்துவிட்டால், எத்தனை மாதம் வேண்டுமானாலும் அலமாரியில் சும்மா கிடக்கும். அதனால் தேர்வு இல்லாத வாரங்களில் மட்டும் சக்கரத்தில் உட்கார்ந்தேன். தேர்வு நெருங்கும்போது, சுட்டு வைத்ததை எடுத்துக் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பூசும் வேலையை வைத்துக்கொண்டேன். இடையில் ஒருநாள் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் செய்தேன். நான்கு பாடங்கள் உயர்நிலையில் இருந்தன. வேதியியலைச் சாதாரண நிலைக்கு இறக்கினேன். வகுப்புக் கணக்கிலேயே 90 மணி நேரம் மிச்சம். ஆனால் சேரப்போகும் கல்லூரிப் படிப்பு உயர்நிலை வேதியியல் கேட்கிறதா என்று பார்க்காமல் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

* * *

எனக்கு நாடகம். மண்ணையாவது மூடி வைக்கலாம், ஒத்திகையை மூடி வைக்க முடியாது. நான் போகாவிட்டால் எதிரில் நிற்பவர் யாரிடம் வசனம் பேசுவார்? முதல் வருடம் பெரிய வேடம் வாங்கிக்கொண்டு, அரங்கேற்றம் முடிந்த இரண்டாம் நாள் நுண்கணிதத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தேன். தொகையீட்டுக் கணக்கு வரிசையாக இருந்தது, ஒன்றுகூடத் தொடங்க வரவில்லை. அடுத்த வருடம் பருவத் தொடக்கத்திலேயே தேர்வுத் தேதிகளை எடுத்துப்போய் இயக்குநரான ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் நாளை மாற்றவில்லை. எனக்கு மேடை விளக்குப் பொறுப்பைக் கொடுத்தார். அந்த வேலை கடைசி வாரத்தில்தான் நெருக்கும், அதற்கு முன் வாரம் ஓரிரு நாள் போதும். நடிக்கவில்லையே என்று முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஒத்திகையில் விளக்கைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் ஒரு முகம் மட்டும் வெளிச்சத்தில் நின்ற அந்த நொடியில் வருத்தம் போய்விட்டது. ஆசிரியரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் சாக்கு மாதிரிதான் கேட்கும்.

* * *

நான் விட்டவன். பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியத்தை விட்டால் வாரம் ஐந்து மணி நேரம் கிடைக்கும், அதில் இயற்பியல் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஐந்து மணி நேரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே தூக்கம் கெட்டு உடம்பு தாங்காதவர்கள் ஒரு பாடத்தை விடுவதில் தப்பில்லை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, பயந்துதான் விட்டேன்.

மண்பாண்டம் எழுதியவரிடம் ஒரு கேள்வி. என் தங்கை இந்த வருடம் அதே பாடம் எடுக்கிறாள். வனைந்ததை எத்தனை நாள் வரை பதம் போகாமல் வைக்கலாம்?

* * *

பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தினால் இரண்டு மூன்று நாள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடி, உள்ளே ஈரத்துணியும் வைத்தால் ஒரு வாரம் வரைகூட நிற்கும். துணி பாண்டத்தின் மேல் பட வேண்டாம் என்று சொல்லுங்கள், பட்ட இடத்தில் விளிம்பு தொய்ந்துவிடும்.