ஹசார்ட் இறங்கி வராததா, மொரின்ஹோ பூட்டி விளையாடினதா: 2014 அத்லெடிகோ ஆட்டத்தில பிழை எங்க?

கல்லடி நீலம்

செல்சி ரசிகர்கள் இண்டைக்கும் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கிற விசயம் இது. அப்ப செல்சி மெனேஜர் மொரின்ஹோ, இடது விங்கர் (பக்கத்தால தாக்குற ஆள்) ஹசார்ட், எதிரணி அத்லெடிகோ மெட்ரிட். 2014 ஏப்ரல் 30, ஸ்டம்ஃபர்ட் பிரிட்ஜ், சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் ரெண்டாவது ஆட்டம். நம்மட இலங்கை நேரத்துக்கு மே முதலாந் திகதி நடுச்சாமம் 12.15. மெட்ரிட்ல நடந்த முதல் ஆட்டம் 0-0. இதுல 36வது நிமிசம் டொரஸ் அடிச்சு 1-0. 44ல அட்ரியன் அடிச்சு 1-1. அப்ப எவே கோல் சட்டம் (மொத்தக் கோல் சமன் எண்டா எதிரணி மைதானத்துல கூட அடிச்ச அணிக்கு வெற்றி) இருந்ததால அந்த நிமிசத்திலயே அத்லெடிகோ முன்னுக்குப் போயிட்டு. முடிவு 1-3.

அந்த 44வது நிமிசத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்க. பந்து அத்லெடிகோ நடுக்கள வீரர் தியாகோட கால்ல. அத்லெடிகோட வலது பெக் (வலப்பக்கப் பின்கள வீரர்) ஹுவான்ஃப்ரான், ஹசார்ட்டுக்குப் பின்னால ஓடத் தொடங்குறார். ஹசார்ட் பந்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், ஒருக்காலும் கிறுகிப் பாக்கல்ல. பந்து மேலால வருது, ஹுவான்ஃப்ரான் கோல் கோட்டுக்குக் கிட்ட வெச்சு ஒரே தொடுகையில உள்ளுக்குத் திருப்புறார், அட்ரியன் அடிக்கிறார்.

ஆட்டம் முடிஞ்சு ஹசார்ட், செல்சி பந்து விளையாடுறதுக்கு அமைச்ச அணி இல்ல, கவுண்டருக்கு (பந்தைப் பறிச்ச உடனே பாயுற தாக்குதலுக்கு) மட்டுந்தான் எண்ட கருத்துல பேட்டி குடுத்தார். மொரின்ஹோ அதுக்கு, தன்ர இடது பெக்கைத் திரும்பிப் பாத்து அவருக்காக உயிரைக் குடுக்கிற மனநிலை ஹசார்ட்டுக்கு இல்ல எண்டார். நான் மொரின்ஹோ பக்கம். அரையிறுதியில 1-0 முன்னுக்கு நிக்கக்குள்ள, இடைவேளைக்கு ஒரு நிமிசம் கிடக்கக்குள்ள, விங்கர் தன்ர ஆளை விடவே ஒண்ணா.

வாவிக்கரை 10

அண்ணன், கோலைச் சரியாச் சொன்னீங்க. அந்தக் கோலுக்கு முந்தி மெனேஜர் செஞ்சதையும் சேத்துச் சொல்லணும்.

அண்டைக்கு இறங்கின அணி: ஷ்வார்ஸர், இவனோவிச், கேஹில், டெரி, அஷ்லி கோல், டேவிட் லூயிஸ், ராமிரெஸ், அஸ்பிலிகுவெட்டா, வில்லியன், ஹசார்ட், முன்னுக்கு டொரஸ். வலது விங்ல நிக்கிறது இன்னொரு பெக். நடுவுல நிக்கிற லூயிஸும் அடிப்படையில சென்டர் பெக். சொந்த மைதானத்துல கோல் அடிச்சே ஆகவேண்டிய ஆட்டத்துல பின்களத்து ஆக்கள் ஆறு பேர். எதிராளியைத் தாண்டிப் பந்தை எடுத்துப் போகக்கூடிய ஆள் எண்டா ஹசார்ட்தான், வில்லியனைப் பாதியாக் கணக்கெடுக்கலாம். அந்த ஹசார்ட் ஏப்ரல் 8 பாரிஸ் அணியோட நடந்த ஆட்டத்துல 18வது நிமிசம் கெண்டைக்கால் பிடிச்சு வெளியேறினவர். மெட்ரிட் ஆட்டத்துக்கும் இல்ல, லிவர்பூல் ஆட்டத்துக்கும் இல்ல. மூணு கிழமைக்குப் பொறகு நேரா அரையிறுதியில இறக்கி, கோல் கோடு வரைக்கும் ஆளைத் துரத்து எண்டா கால் எப்பிடிக் கேக்கும்?

அதுக்கு முந்தின இரவு, ஏப்ரல் 29, மற்ற அரையிறுதியில ரியல் மெட்ரிட் மெனேஜர் அன்செலோட்டி முனிச்சில என்ன செஞ்சார்? ரியல் மெட்ரிட் பந்து இல்லாத நேரம் 4-4-2 (பின்னுக்கு நாலு, நடுவுல நாலு, முன்னுக்கு ரெண்டு பேர்). இடது பக்கம் இறங்கினது டி மரியா, வலது பக்கம் பேல். ரொனால்டோவை பென்ஸிமாவோட முன்னுக்கு விட்டார். பெயர்னை 4-0 அடிச்சாங்க. ரொனால்டோ ஓடல்ல எண்டு ஒருத்தரும் முறைப்படல்ல, ஏனெண்டா அவர்ர பக்கத்தை மூடுற வேலையை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு.

மருதமுனை விங்

ஒரு விசயத்தை விட்டுட்டீங்க. டொரஸ்ர கோலுக்குப் பந்து குடுத்தது அஸ்பிலிகுவெட்டா. வில்லியன் மூலைக்குக் கிட்ட ரெண்டு பேருக்கு இடையால பந்தை எடுத்து விட, அவர்தான் பின்னுக்குத் தட்டிக் குடுத்தார். பெக்கை விங்ல போட்டா ஒண்டும் நடக்காது எண்டு சொல்லேலாது.

பழைய இடது பெக்

இடது பெக் பார்வையில் இருந்து இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லாரும் விங்கரையும் மெனேஜரையும் மட்டும் பார்க்கிறார்கள்.

மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 68 மீட்டர். நான்கு பெக்குகள் ஒருவருக்கொருவர் 10 மீட்டர் இடைவெளியில் நின்றால் மூடக்கூடியது 30 மீட்டர். மிச்சம் 38 மீட்டரை விட்டுத்தான் ஆக வேண்டும். பந்து நடுவிலோ மறுபக்கத்திலோ இருக்கும்போது இடது பெக் தூரக் கம்பத்தின் நேருக்கு ஒடுங்குவார். அது சரியான நிலைதான், ஏனென்றால் கோலுக்கு முன்னால் ஓடிவரும் ஆளை விட முடியாது. அப்போது அவருக்கு வெளியே 25 மீட்டருக்கு மேல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைக்குள் எதிரணியின் வலது பெக் ஓடினால் அவரைப் பிடிக்கக்கூடியது விங்கர் மட்டும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். உயர்த்திப் போடும் பந்து 30, 40 மீட்டர் போக இரண்டு விநாடி பிடிக்கும். முழு வேகத்தில் வரும் பெக் விநாடிக்கு 7 அல்லது 8 மீட்டர் ஓடுவார். விங்கர் நின்ற இடத்தில் இருந்து ஒரு விநாடி பிந்தித் திரும்பினால் 7 மீட்டர் போச்சு. அதற்குப் பிறகு உலகத்தில் எந்த வேகக்காரரும் பிடிக்க மாட்டார். ஆகவே கெண்டைக்கால் காயம் இந்தக் கோலுக்கு விளக்கம் ஆகாது. தேவைப்பட்டது நீண்ட ஓட்டம் அல்ல, பந்து வருவதற்கு முன் ஒருமுறை தோளுக்கு மேலால் பார்ப்பது. பார்த்திருந்தால் ஐந்து எட்டு பின்னுக்கு வைத்தே ஹுவான்ஃப்ரானுக்கும் கோலுக்கும் நடுவில் நின்றிருக்கலாம்.

நடுக்களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை வழமையாக மூடுகிற மட்டிச், அந்தப் பருவத்தில் பென்ஃபிகாவுக்காக சம்பியன்ஸ் லீக் விளையாடியதால் அப்போதைய சட்டப்படி இறங்க முடியாது. லம்பார்டும் மிக்கேலும் மஞ்சள் அட்டைத் தடை. லூயிஸும் ராமிரெஸும் பந்தை நோக்கிப் பாயும் ஆட்கள், இடைவெளியில் காத்து நிற்பவர்கள் அல்ல. தியாகோ தலை தூக்கிப் பார்த்துப் பந்து போட அவகாசம் கிடைத்ததே அதனால்தான்.

கல்லடி நீலம்

அதைத்தான் நானும் சொல்றன், பாக்கல்ல எண்டு. பாக்கிறதுக்குக் கெண்டைக்கால் தேவையில்ல.

இறங்கி வாறது பெரிய ஆட்டக்காரர்ர வேலை இல்ல எண்டு நினைக்கிற ஆக்கள் 2010 ஏப்ரல் 28ஐ ஞாபகப்படுத்துங்க. இன்டர், பார்சலோனா மைதானத்துல. 28வது நிமிசம் மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. அதுக்குப் பொறகு எட்டோ இடது பெக் மாதிரி நிண்டு ஆட்டத்தை முடிச்சார். அந்தக் காலத்துல உலகத்துல மிகச் சிறந்த கோல் அடிக்கிறவர்கள்ல ஒருத்தர், அதுவும் தன்ர பழைய அணிக்கு எதிரா. 0-1 தோத்தும் மொத்தக் கணக்குல 3-2, இறுதி ஆட்டத்துக்குப் போய்க் கிண்ணத்தையும் எடுத்தாங்க. மெனேஜர் அதே மொரின்ஹோ. எட்டோவால ஏலும் எண்டா 23 வயசு ஹசார்ட்டால ஏன் ஏலாது?

வாவிக்கரை 10

எட்டோ அண்டைக்கு எத்தனை கோல் அடிச்சார் அண்ணன்? ஒண்டுமில்ல. தேவையும் இல்ல, 3-1 முன்னிலையோட போனவங்க, பத்துப் பேராக் குறைஞ்சவங்க. செல்சிக்கு அந்த முன்னிலை இல்ல. 0-0ல இருந்து தொடங்கின ஆட்டத்துல இருக்கிற ஒரே தாக்குதல் ஆளைக் காவல் வேலைக்கு விடுறது வேற கணக்கு.

இன்னொண்டு: வில்லியன் ஓடக்கூடிய ஆள், மூச்சு விடாம இறங்கி ஏறுவார். அவரை இடதுல போட்டு ஹசார்ட்டை டொரஸுக்குப் பின்னால 10ஆம் இடத்துல விட்டிருந்தா, டி மரியா செஞ்ச வேலையை வில்லியன் செஞ்சிருப்பார். அது பெஞ்ச்ல இருந்து ஒரு சொல்லில மாத்தக்கூடிய விசயம். மாத்தல்ல.

பொறகு கொன்டே செல்சி மெனேஜரா வந்து என்ன நடந்தது? 2016 செப்டம்பர்ல ஆர்சனலிட்ட 3-0 வாங்கின பொறகு 3-4-3க்கு மாறினார். இடது பக்கம் ஹுவான்ஃப்ரான் மாதிரி ஓடி வாற ஆளைப் பிடிக்கிறது மார்க்கோஸ் அலொன்சோ. பின்னுக்கு மூணு சென்டர் பெக், நடுவுல கன்டேயும் மட்டிச்சும். பந்து இல்லாட்டி ஹசார்ட் உள்ளுக்கு ஒடுங்கி நடுக்களத்து நாலு பேர்ல ஒருத்தரா நிப்பார், அவ்வளவுதான். 13 ஆட்டம் தொடர்ந்து வெற்றி, 93 புள்ளி, ஹசார்ட்டுக்கு லீக்ல 16 கோல். அதே ஆள்தான். மாறினது அவர் நிக்கிற இடம்.

கல்லடி நீலம்

கொன்டேக்கு முந்தியே மாறிட்டு தம்பி. 2014-15ல மொரின்ஹோட அணியிலயே ஹசார்ட் 14 லீக் கோல், வீரர்கள் வாக்களிக்கிற பிஎஃப்ஏ விருது, 87 புள்ளியோட சம்பியன். மே 3 கிரிஸ்டல் பெலஸ் ஆட்டத்துல கிண்ணத்தை உறுதிப்படுத்தின கோலும் அவர்ர. பெனால்டியைக் கீப்பர் பிடிக்க, திரும்பி வந்த பந்தைத் தலையால அடிச்சார். அந்தக் கண்டிப்பு வேலை செஞ்சது.

பழைய இடது பெக்

2014-15இல் கண்டிப்பு மட்டும் வேலை செய்யவில்லை. இடது பெக் இடத்தில் அஸ்பிலிகுவெட்டா நின்றார். பிலிப்பே லூயிஸை வாங்கியும் மொரின்ஹோ அவரையே பெரும்பாலும் போட்டார், ஏனென்றால் அவர் கண்டபடி மேலே ஏறமாட்டார். மட்டிச் முழுப் பருவமும் கிடைத்தார், ஹசார்ட் முன்னுக்குப் போனால் அவருக்குப் பின்னால் உள்ள இடத்துக்கு நகர்வார். ஹசார்ட் 40 மீட்டர் மேலே நின்றாலும் பின்னால் இரண்டு பேர். ஆகவே மொரின்ஹோவே தன் அமைப்பைத் திருத்தினார் என்பதுதான் உண்மை. திருத்தியதை வெளியில் சொல்லவில்லை, ஆட்டக்காரரைக் குறை சொன்னது மட்டும் பத்திரிகையில் நின்றது. அது எனக்குப் பிடிக்காத விசயம்.

மருதமுனை விங்

நம்மட பக்கத்துக்கு இதை எப்பிடிக் கொண்டு வாற? கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பின்னேரம் 4 மணி ஆட்டம் எண்டா, மட்டக்களப்பு வெபர் மைதானமா இருந்தாலும் கல்முனைப் பக்கமா இருந்தாலும் விங்கர் 60 மீட்டர் இறங்கி ஏறுறதை ஒரு பாதியில பத்துத் தரம் செஞ்சா ரெண்டாம் பாதியில பந்தைத் தொடவும் சக்தி இருக்காது. கோச் எல்லாரும் "இறங்கு, இறங்கு" எண்டு கத்துறது மட்டுந்தான். எப்ப இறங்கணும், எதுவரைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்றல்ல.

பழைய இடது பெக்

நல்ல கேள்வி தம்பி. எல்லா ஓட்டத்துக்கும் இறங்கத் தேவையில்லை. எதிரணி பெக் பந்தோடு முன்னால் வந்தால் இடது பெக் எடுப்பார், விங்கர் உள்ளே ஒடுங்கிப் பந்து திரும்பிப் போகும் வழியை மறித்தால் போதும். பந்து இல்லாமல், விங்கருக்குப் பின்னால் ஓடினால் மட்டும் அவர் போக வேண்டும். பொக்ஸ் கோடு, அதாவது கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர், அங்கே போய்ச் சேர்ந்ததும் இடது பெக் வெளியே வர முடியுமா என்று பார்க்க வேண்டும். இடது பெக்குக்கு உள்ளே ஆள் இருந்தால் விங்கர் கோல் கோடு வரை போயே ஆக வேண்டும். இதைத் தீர்மானித்துக் கத்த வேண்டியது இடது பெக்தான், அவருக்குத்தான் இரண்டு பேரும் தெரிகிறார்கள். "என்ர ஆள்", "உன்ர ஆள்" என்ற இரண்டு சொல் போதும். அஷ்லி கோல் அந்த 44வது நிமிடத்தில் கத்தினாரா என்பது படத்தில் கேட்காது.

பழக்குவதற்கு: அரை மைதானம். மறுபக்கத் தொடுகோட்டுக்குக் கிட்ட ஒருவர் பந்தோடு. விங்கர் பொக்ஸுக்கு வெளியே 20 மீட்டரில், உடம்பைப் பாதி திறந்து, ஒரு தோள் பந்துக்கும் மறு தோள் பின்னாலும் இருக்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் 5 மீட்டரில் எதிர் பெக், கையில் சிவப்பு அல்லது மஞ்சள் துணி, மாற்றி மாற்றித் தூக்குவார். பந்து அடிபட முன்பே விங்கர் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஓட்டப்போட்டி நடக்கட்டும். சொல்லாவிட்டால் அந்தத் தடவை எதிரணிக்குக் கோல். ஆறு தடவை, ஒன்றரை நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. வெயில் மாதத்தில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இதில் பிழைக்கிற இடம் இரண்டு. பையன்கள் தலையைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பி விடுவார்கள், அப்போது பந்தைத் தவற விடுவார்கள். மற்றது, பந்து அடிப்பவர் ஒரே இடைவெளியில் அடித்தால் விங்கர் நேரத்தை மனப்பாடம் செய்து விடுவார். ஆகவே மூன்றில் ஒன்றைக் கிட்ட உள்ள ஆளுக்குக் குறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாவிக்கரை 10

இதெல்லாம் சரி. ஆனா மூணாவது கோலுக்கு யாரும் பதில் சொல்லல்ல. 72வது நிமிசம், திரும்பவும் தியாகோ, திரும்பவும் ஹுவான்ஃப்ரான், திரும்பவும் அதே பக்கம். அர்தா துரான் தலையால அடிச்சுக் குறுக்குக் கம்பத்துல பட்டு வந்ததைத் தட்டிப் போட்டார். 28 நிமிசமா அதே வழி திறந்து கிடந்தது. இடைவேளை 15 நிமிசம் இருந்தது மூடுறதுக்கு. அதுக்கும் ஹசார்ட்தானா காரணம்?

கல்லடி நீலம்

இல்ல. 54ல அஷ்லியை எடுத்து, அப்ப செல்சிக்கு வந்திருந்த எட்டோவை இறக்கினாங்க, 60ல அந்த எட்டோ டியேகோ கொஸ்டாவைத் தட்டி விழுத்தி பெனால்டி, 1-2. அதோட ரெண்டு கோல் தேவை, எல்லாரும் முன்னுக்கு. அந்த நிலையில மூணாவது கோல் வாறதுக்கு எந்தப் பக்கமும் வழி இருந்தது. நான் கேக்கிறது 1-0ல நிக்கிற அந்த ஒரு நிமிசத்தை. அண்ணன் சொன்ன ஐந்து எட்டை ஹசார்ட் வெச்சிருந்தா 1-0ல இடைவேளைக்குப் போயிருப்பம். அத்லெடிகோ திறந்து வந்திருக்கும், நீங்க கேக்கிற கவுண்டர் இடமும் ஹசார்ட்டுக்கே கிடைச்சிருக்கும்.

வாவிக்கரை 10

வில்லியனை இடதுல போட்டிருந்தா அந்த ஐந்து எட்டை அவர் வெச்சிருப்பார், ஹசார்ட் நடுவுல கவுண்டருக்கு ரெடியா நிண்டிருப்பார். நான் மெனேஜரைத்தான் சொல்றன், மாத்திச் சொல்ல மாட்டன்.